எரியாமல் எரியும் அடுப்பு

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை என் பழைய சிநேகிதர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நாற்காலியில் உட்காரு முன்பே, "ஓய்! நீர் வாரா வாரம் விஞ்ஞானம், விஞ்ஞானம் என்று எழுதிப் பிறத்தியார் பிள்ளைகளைக் கெடுத்துக் கொண்டிருக்கிறீர். இப்போது என் பிள்ளையும் கெட்டுவிட்டான். இதற்கு என்ன பதில் சொல்கிறீர்?" என்றார்.

விசாரித்ததில் விஷயம் இதுதான்: அவருடைய குமாரன் ரஸாயன எஞ்சினியரிங் படித்து முதல் வகுப்பில் தேறியிருக்கிறான். ஒரு பெரிய கம்பெனியார் நல்ல சம்பளத்தில் உத்தியோகம் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். பையனோ, "வேண்டாம், இன்னும் ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்கிறானாம். எதைப் பற்றி ஆராய்ச்சி என்று கேட்டால், 'எரிபொருட் கலம்' என்கிறானாம்.

"அது என்ன கலம் ஐயா? எனக்குத் தெரிந்த கலமெல்லாம் நெல் அளக்கிற கலந்தான்!" என்றார் சிநேகிதர்.

அவருக்கு நான் சொன்ன பதிலையே இந்த வாரம் நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அவரைப் போன்ற தகப்பனார்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள் அல்லவா?

நிலக்கரியிலிருந்து மின்சாரம் எப்படி உண்டாகிறது என்று முதலில் பாருங்கள். கரியை எரித்துச் சூடு உண்டாக்குகிறோம். சூடு தண்ணீரை ஆவியாக்குகிறது. ஆவி சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரம் மின்சார யந்திரத்தைச் சுழற்றுகிறது. கிராமத்தில் விளைந்த கத்தரிக்காய் நாலு தரகர் கை மாறிப் பட்டணத்துச் சமையலறைக்கு வந்து சேருவதைப் போன்ற கதை இது. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தரகு போய்விடுகிறது. அதிலும், சூட்டை வேலையாக மாற்றும் இடத்தில் இயற்கையே கூசாமல் பெருந் தரகு எடுத்துக்கொள்கிறது. யந்திரத்தை எவ்வளவு திறமையாகச் செய்தாலும் அந்தத் தரகை முழுவதும் ஒழிக்க முடியாது.

அப்படியானால் தரகர்களே இல்லாமல், எரிபொருளிலிருந்து நேராக மின்சாரம் எடுக்க முடியாதா? முடியும். அந்த வித்தைதான் எரிபொருட் கலம்.

எரிதல் என்பது என்ன? ஹைட்ரஜன் என்னும் ஜலவாயு பிராணவாயுவுடன் கூடும்போது தன்னிடமுள்ள எலெக்ட்ரான்களை அதற்குக் கொடுக்கிறது; இரண்டும் சேர்ந்து தண்ணீராகின்றன. நேருக்கு நேர் கொடுத்தால் அந்தக் கொடுக்கல் வாங்கல் தீயும் வெடியுமாக முடிகிறது. ஆனால் இரண்டு வாயுக்களையும் தனித்தனி அறையில் வைத்து, நடுவே தக்க திரவம் ஒன்றை நிறுத்தி, எலெக்ட்ரான்கள் மட்டும் வெளியே உள்ள கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு போகட்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டால்? அப்போதும் தண்ணீர்தான் உண்டாகிறது. ஆனால் சுவாலை இல்லை, புகை இல்லை. கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. எரியாமல் எரியும் அடுப்பு என்றால் இதுவே.

இந்த அதிசயத்தை முதலில் கண்டவர்களுள் முக்கியமானவர் வில்லியம் ராபர்ட் க்ரோவ் என்பவர். வேல்ஸ் நாட்டினர்; வக்கீல் தொழில் படித்தவர். 1839-ம் வருஷத்தில் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். 1842-ல் அதை ஒரு முழு 'வாயு பாட்டரி'யாகவே அமைத்துக் காட்டினார். கந்தகத் திராவகம் கலந்த தண்ணீரில் பிளாட்டினத் தகடுகளை நிறுத்தி, ஒன்றைச் சுற்றி ஜலவாயுவையும் மற்றொன்றைச் சுற்றிப் பிராணவாயுவையும் அடைத்தார். சில குழாய்களில் இரண்டு வாயுக்களும் சேர்ந்து தண்ணீராயின. அதனால் பிறந்த மின்சாரமோ வேறொரு குழாயிலிருந்த தண்ணீரைப் பிளந்து அதே இரண்டு வாயுக்களையும் கொடுத்தது! அதே காலத்தில் பேஸல் நகரத்து ரஸாயனப் பேராசிரியர் ஷோன்பைனும் இதே உண்மையைக் கண்டிருந்தார்.

க்ரோவ் லண்டனில் சில வருஷம் புரொபஸராகவும் இருந்தார். ஆனால் 1846-ல் அந்தப் பதவியை விட்டுவிட்டார். பின்னர் வக்கீல் தொழிலில் உயர்ந்து, 1871-ல் நீதிபதியாகவே ஆகிவிட்டார். அவருடைய கலமோ வெகு காலம் அலமாரியில் உறங்கியது.

ஏன் உறங்கியது? அதற்குக் காரணம் தெரிந்துகொள்ள, ரஸாயன சாஸ்திரத்தின் மற்றொரு ரகசியத்தைப் பார்க்க வேண்டும்.

ஆற்றின் இக்கரையில் ஜனங்கள் நிற்கிறார்கள். அக்கரைக்குப் போக எல்லோருக்கும் விருப்பந்தான். ஆனால் பாலம் பத்து மைலுக்கு அப்பால் இருக்கிறது. ஓர் ஓடக்காரன் வந்தால், அரை நாழிகையில் அத்தனை பேரும் அக்கரை சேர்ந்துவிடுகிறார்கள். ஓடக்காரன் மட்டும் எந்தக் கரையிலும் தங்குவதில்லை. அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொள்ளத் திரும்பி வந்துவிடுகிறான். இப்படி ஒரு ரஸாயன மாறுதலைத் துரிதப்படுத்தி, தான் மட்டும் செலவாகாமல் மீளும் வஸ்துவுக்குக் 'கிரியா ஊக்கி' என்று பெயர். 1823-ல் ஜெர்மனியில் ஜேனா நகரத்துப் பேராசிரியர் டோபரைனர், ஜலவாயுவைப் பிளாட்டினப் பஞ்சின்மீது ஊதினார். தீக்குச்சி இல்லாமலே அது தானாகத் தீப்பற்றிக்கொண்டது. அது கிரியா ஊக்கியின் வேலை.

இந்த சாஸ்திரத்துக்கு உறுதியான அஸ்திவாரம் போட்டவர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட். ரீகா நகரில் பிறந்து, அங்கும் பிறகு லைப்ஸிக் ஸர்வகலாசாலையிலும் பேராசிரியராக இருந்தவர். கிரியா ஊக்கிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1909-ல் நோபல் பரிசு பெற்றார். இவரே 1894-ம் வருஷத்தில் தம் நாட்டு மின்ரஸாயன நிபுணர்களின் சபையில், நீராவி யந்திரம் எவ்வளவு வீண் செலவு செய்கிறது என்று எடுத்துக்காட்டி, எரிபொருளிலிருந்து நேராக மின்சாரம் எடுப்பதே வருங்கால வழி என்று வற்புறுத்தினார்.

வழி சொல்லியாயிற்று, ஆனால் ஓடக்காரன் பிளாட்டினம். அவன் கேட்ட கூலியோ தங்கம் வெள்ளிக்காரர்களும் மலைக்கும் கூலி. 1889-ல் லூட்விக் மாண்ட், கார்ல் லாங்கர் என்ற இருவர் நல்ல கலம் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். அவர்களுக்கும் பிளாட்டினத்தின் விலைதான் பெருந் தடையாக நின்றது. அத்துடன், சுத்தமில்லாத வாயு பட்டால் அந்த ஊக்கி விஷம் தீண்டினாற் போல மயங்கியும் போயிற்று.

இங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார்.

பிரான்ஸிஸ் தாமஸ் பேக்கன் 1904-ம் வருஷம் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் எஞ்சினியரிங் படித்துவிட்டு, 1925-ல் நியூகாஸில் நகரத்துப் பார்ஸன்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். நீராவிச் சக்கரத்தைக் கண்டுபிடித்த ஸர் சார்லஸ் பார்ஸன்ஸ் ஸ்தாபித்த கம்பெனி அது. 1932-ல் ஓர் எஞ்சினியரிங் பத்திரிகையில் ஜலவாயுவைப் பற்றி வந்த கட்டுரைகளைப் படித்தபோது, க்ரோவின் பழைய எண்ணம் அவர் மனத்திலும் புகுந்து குடிகொண்டுவிட்டது. நீராவிச் சக்கரம் செய்யும் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு, நீராவிச் சக்கரமே வேண்டாத உலகத்தைப் பற்றிக் கனவு கண்டார் என்று சொல்லலாம்!

கம்பெனி நிர்வாகிகளிடம் தம் யோசனையை எழுதிக் கொடுத்தார், அவர்கள் ஏற்கவில்லை. பிறகு யாருக்கும் சொல்லாமல் தாமே பரிசோதனை செய்யலானார். தீப்பற்றக் கூடிய வாயுக்களை, மிகுந்த அழுத்தத்தில் வைத்துச் செய்யும் பரிசோதனை. ரகசியம் வெளியாயிற்று. "இதை விட்டுவிடு, அல்லது வேலையை விட்டுவிடு" என்றார்கள். நிர்வாகிகளைக் குற்றம் சொல்ல முடியாது. தொழிற்சாலைக்குள் வெடி விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு? பேக்கன் 1940-ல் வேலையை விட்டார். அப்போது அவருக்கு மனைவி உண்டு, குடும்பம் உண்டு. எங்கும் யுத்தம்.

மின்சார எஞ்சினியர்களில் புகழ் பெற்ற சார்லஸ் மெர்ஸ் என்பவர் அவருக்கு ஆதரவு கொடுத்து, லண்டன் கிங்ஸ் காலேஜில் இடம் தேடிக் கொடுத்தார். அதே வருஷம் அக்டோபர் மாதத்தில் ஜெர்மானியரின் குண்டு வீச்சில் மெர்ஸ் தம் வீட்டிலேயே மாண்டார். பேக்கனும் பிறகு நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் யுத்த வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. 1946-ல் கேம்பிரிட்ஜ் ஸர்வகலாசாலைக்குத் திரும்பித்தான் தம் சொந்த வேலையைத் தொடர்ந்தார்.

அவர் செய்தது என்ன? பிளாட்டினத்தைத் தள்ளிவிட்டு, மலிவான நிக்கலை எடுத்துக்கொண்டார். நிக்கலைத் திராவகம் தின்றுவிடும். ஆகவே திராவகத்தை விட்டுப் பொட்டாஷ் காரத்தை எடுத்துக்கொண்டார். குளிர்ந்த நிலையில் நிக்கல் சோம்பேறி. ஆகவே கலத்தை 200 டிகிரி வரை சூடாக்கினார். அந்தச் சூட்டில் கார நீர் கொதித்துப் போய்விடும். ஆகவே நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் முப்பது நாற்பது மடங்கு அழுத்தத்தில் அதை அடக்கி வைத்தார். ஒரு முடிச்சை அவிழ்த்தால் மற்றொரு முடிச்சு!

இன்னும் இரண்டு முடிச்சுகள் இருந்தன. வாயுவும், திரவமும், உலோகமும் மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் வேலை நடக்கும். திரவம் உலோகத்தின் துவாரங்களை நிரப்பிவிட்டால் வாயுவுக்கு இடமில்லை; வாயு திரவத்துக்குள் குமிழியிட்டுவிட்டால் கலம் கெட்டது. இதற்கு அவர் கண்ட யுக்தி மிக எளியது. நிக்கல் பொடியை அழுத்திச் சூடாக்கி, இரண்டு அடுக்குள்ள தகடு செய்தார். வாயுவின் பக்கம் பெரிய துவாரங்கள்; திரவத்தின் பக்கம் நுண்ணிய துவாரங்கள். விளக்குத் திரி எண்ணெயைப் பிடித்துக்கொள்வதைப் போல, நுண் துவாரங்கள் திரவத்தை விடாமல் பிடித்துக்கொண்டன. பெரிய துவாரங்களிலிருந்து வாயு திரவத்தைத் தள்ளிவிட்டது. இரண்டும் எல்லைக் கோட்டிலே சமாதானமாகச் சந்தித்தன.

மற்றொன்று, பிராணவாயுவின் பக்கத்துத் தகடு அரித்துப் போனது. அதற்கு மருந்து லித்தியம். லித்தியம் சேர்த்துத் தகட்டை முன்கூட்டியே பக்குவம் செய்ததில், மேலே ஒரு கறுத்த போர்வை படிந்தது. அது மின்சாரத்தையும் கடத்தியது, தகட்டையும் காப்பாற்றியது.

1954-ல் ஆறு கலங்கள் கொண்ட சிறு பாட்டரியை லண்டனில் காட்சிக்கு வைத்தார். பார்த்தவர்கள் பாராட்டினார்கள், பணம் போடத்தான் ஒருவரும் வரவில்லை. இருந்த உதவியும் நின்றது. அப்புறம் ராஜாங்கத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி அபிவிருத்திக் கார்ப்பொரேஷன் கை கொடுத்தது. 1959-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நாற்பது கலங்கள் சேர்ந்த பாட்டரி ஐந்து ஆறு கிலோவாட் மின்சாரம் கொடுத்துச் சுமை தூக்கும் வண்டியை ஓட்டிற்று; மரம் அறுக்கும் வாளைச் சுழற்றிற்று. பத்திரிகையில் படித்த நாளிலிருந்து எண்ணினால் இருபத்தேழு வருஷம்! இருபத்தேழு வயதில் பிடித்த எண்ணம் ஐம்பத்து நாலாவது வயதில் பலித்தது.

பிறகு நடந்ததை உலகம் அறியும். அமெரிக்காவில் பிராட் அண்டு விட்னி கம்பெனியார் இதன் உரிமையை வாங்கி, வேண்டிய மாறுதல்கள் செய்தார்கள். சந்திரனுக்குப் போன ஒவ்வொரு அபாலோ கப்பலிலும் மூன்று மின்சாரத் தொகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் முப்பத்தொரு கலங்கள். விளக்குக்கும் யந்திரங்களுக்கும் மின்சாரம் கொடுத்ததுமன்றி, கலத்தில் பிறந்த தண்ணீரே யாத்திரிகர்களுக்குக் குடிநீராகவும் ஆயிற்று. அடுப்பிலிருந்தே கிணற்று நீரும் கிடைத்ததென்றால் எந்த இல்லத்தரசிதான் சந்தோஷப்படமாட்டாள்?

அதன் அருமை, அது இல்லாதபோதுதான் தெரிந்தது. 1970-ம் வருஷம் ஏப்ரல் மாதம் அபாலோ 13 கப்பலில் பிராணவாயுத் தொட்டி ஒன்று வெடித்தது. பிராணவாயு போனதும் கலங்கள் அணைந்தன. கலங்கள் அணைந்ததும் மின்சாரமும் தண்ணீரும் ஒருங்கே போயின. சந்திரனில் இறங்குவதற்கென்று வைத்திருந்த சிறு கலத்தின் பாட்டரிகளைச் சிக்கனமாகச் செலவழித்து, குளிரிலும் தாகத்திலும் வாடி, மூன்று பேரும் உயிர் தப்பி வந்தது பெரிய விருத்தாந்தம்.

அதற்கு முந்திய வருஷம், முதன் முதல் சந்திரனில் இறங்கிய வீரர்கள் லண்டனுக்கு வந்தபோது, பிரதம மந்திரியின் மாளிகையில் பேக்கனைச் சந்தித்துத் தங்கள் கையெழுத்திட்ட படம் ஒன்றை அவருக்குக் கொடுத்தார்கள். 1973-ல் ராயல் ஸொஸைடி அவரை அங்கத்தினராக்கிக்கொண்டது. 1992-ல் அவர் காலமானார்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த என் சிநேகிதர் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் சரி, ஓய். வேலையை விட்டபோது அந்த மனுஷருக்குச் சாப்பாடு யார் போட்டார்கள்?"

கேள்வி நியாயமான கேள்வி. நான் உண்மையை மறைக்கவில்லை. பேக்கனுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் சொத்து இருந்தது. வேலையை உதறிவிட்டு வெளியே வர அந்தத் தைரியமும் ஒரு காரணம். "அப்படிச் சொல்லும்! என் பிள்ளைக்கு என்ன சொத்து இருக்கிறது? நான் கட்டிய வீட்டுக்கே இன்னும் கடன் தீரவில்லை" என்றார் அவர்.

அன்பர்களே! இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒருவர் சொத்து வைத்துக்கொண்டு பிறந்தால்தான் இருபத்தேழு வருஷம் ஓர் உண்மையைத் துரத்தலாம் என்றால், சொத்தில்லாத வீடுகளில் பிறந்த பேக்கன்களின் கதி என்ன? எத்தனை பேர் க்ரோவைப் போல ஆராய்ச்சியை விட்டு வேறு தொழிலுக்குப் போயிருப்பார்கள்? அவர்களுக்கெல்லாம் சொத்தாக இருக்க வேண்டியது தேசந்தான்.

இதை நம் நாட்டில் சிலர் நன்றாக உணர்ந்திருந்தார்கள். சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகுமுன்பே, 1948-ம் வருஷம் ஜூலை மாதம் 25-ந் தேதி, காரைக்குடியில் மத்திய மின்ரஸாயன ஆராய்ச்சி நிலையத்துக்கு ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். அதற்காக டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953-ம் வருஷம் பொங்கல் சமயத்தில் டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். பின்னால் வரப்போகிற ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளைக்கு, அவனுடைய பெயரும் முகமும் தெரியாமலே எழுதி வைத்த உயில் அல்லவா அது?

அந்த உயில் வீண் போகவில்லை. 2019-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், நம் நாட்டிலேயே உருவான 5 கிலோவாட் எரிபொருட் கலத் தொகுதியை ராஷ்டிரபதி டில்லியில் துவக்கி வைத்தார். அதைச் செய்த மூன்று தேசிய ஆராய்ச்சிசாலைகளில் காரைக்குடி நிலையமும் ஒன்று. 2024-ம் வருஷம் ஜனவரியில் நம் விண்வெளி நிலையத்தார் 100 வாட் வகையைச் சேர்ந்த கலம் ஒன்றை வானத்தில் சுற்றவிட்டே பரிசோதித்தார்கள். அடுத்த மாதம், கொச்சியில் கட்டிய எரிபொருட் கலப் படகு ஒன்று துவக்கி வைக்கப்பட்டது. நாம் பெருமைப்படலாம். ஆனால் கணக்கையும் மறக்கலாகாது: பேக்கன் ஐந்து கிலோவாட்டைக் காட்டியது 1959-ல், நாம் காட்டியது 2019-ல். கலத்தின் வகை வேறு. கிரியா ஊக்கி வேறு. ஆனாலும் அறுபது வருஷம் அறுபது வருஷந்தான். இன்னும் பிளாட்டினத்தின் கூலி குறையவில்லை. ஜலவாயுவின் பெரும் பகுதியை இன்னமும் பூமியிலிருந்து எடுக்கும் எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துந்தான் தயாரிக்கிறார்கள். புகை அடுப்பில் இல்லாவிட்டாலும் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. இந்த முடிச்சுகளை அவிழ்க்க ஒரு பிள்ளை ஐந்து வருஷம் கேட்டால், அது கெட்டுப் போவதாகுமா?

சிநேகிதர் வெகு நேரம் பேசவில்லை. காப்பி ஆறிப்போனதையும் கவனிக்கவில்லை. கடைசியாக எழுந்து, மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசற்படி வரையில் போனவர் திரும்பி நின்றார்.

"அது சரி, ஓய். அந்தக் காரைக்குடி நிலையத்தில் மாதா மாதம் உபகாரச் சம்பளம் ஏதாவது கொடுப்பார்களா?"

"ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கொடுப்பதுண்டு. பெரிய தொகை என்று சொல்ல முடியாது."

"பெரிய தொகை வேண்டாம். அங்கே என் மைத்துனன் வீடு இருக்கிறது, சாப்பாட்டுக்குக் கவலையில்லை" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.